மலையிலிருந்து திரும்பிய கடுவன்

சண்டை தொடங்கியபோது காலை மணி பதினொன்று பத்து. அப்போது நான் எங்கள் பேப்பரின் மதுரை அலுவலகத்துக்குப் போனில் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் துண்டித்த நேரம் போனிலேயே பதிவாகியிருக்கிறது.

கூடத்தில் என் மனைவி வழக்கம்போல ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுபவன், ஒரு பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டியைக் கூடத்து நடுவில் வைத்து, மேலே கட்டியிருந்த வலையை அவிழ்த்தான். நாற்பது நாள் மலையில் இருந்துவிட்டு வந்த செவலைப் பூனை பெட்டியிலிருந்து இறங்கி முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. சன்னல் மேடையில் படுத்திருந்த சாம்பல் பூனை எழுந்து நின்றது. இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்த கடுவன்கள். பிறந்ததிலிருந்து ஒன்றன் கழுத்தில் ஒன்று தலை வைத்துத் தூங்கியவை.

செவலை மேடைக்குத் தாவியது. சாம்பல் மூக்கை நீட்டி ஒரு முறை முகர்ந்தது. காது இரண்டும் பின்னால் படிந்தன. அடுத்த நொடி இரண்டும் ஒரே உருண்டையாகி, பொறுக்கி வைத்திருந்த காயின் மேல் விழுந்தன. முறம் சுவரில் மோதியது. முதல் தரக் காய் கட்டிலுக்கு அடிவரை சிதறியது. பூனைத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. நான் கையிலிருந்த பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். அதை எதற்குச் சுருட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மைத்துனன்தான் அடுப்படிக்குப் போய் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினான். பூனைகள் விலகின. காய் நனைந்தது.

“காயத் தூக்கி அங்கிட்டு வையிடா மொதல்ல” என்றாள் மனைவி. ஆனால் அவள் கண் காயில் இல்லை. கட்டிலுக்கு அடியில் புகுந்த செவலையையும், பரண்மேல் ஏறிய சாம்பலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பலின் காதில் ஒரு கீறல். தரையில் செவலை முடி ஒரு கொத்து.

போடியில் ஏலக்காயை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காய் என்றால் அதுதான். மலையில் பறித்து, அங்கேயே ஸ்டோர் என்று சொல்லும் கட்டடத்தில் விறகுச் சூட்டில் உலர்த்தி, மூட்டையாகக் கீழே இறங்கும். அதைத் தரம் பிரிப்பது பெண்கள் வேலை. பெரும்பாலோர் குடோனுக்குப் போய் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பொறுக்குவார்கள். என் மனைவியின் முழங்கால் நாள் முழுக்கத் தரையில் உட்கார இடம் கொடுக்காது. அதனால் குடோன்காரர் எங்கள் வீட்டுக்கே மூட்டை அனுப்பிவந்தார். அவள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, பலகையில் காயைப் பரப்பி, பெரியது, சிறியது, வெளுத்தது, வாய் பிளந்தது என்று ஒதுக்குவாள். எதிர்வீட்டு மதினியும் வந்து கூட உட்காருவார். இருவர் வாயும் ஓயாது. கையும் ஓயாது.

காய் இருக்கிற வீட்டுக்கு எலி வரும். எலி இருக்கிற வீட்டில் விஷம் வைக்க முடியாது, பக்கத்தில் காய் இருப்பதால். ஆகவே பூனை. இரண்டு குட்டிகளும் மைத்துனன் ஜீப்பின் பின் இருக்கைக்குக் கீழே, சாக்குகளுக்கு நடுவில் பிறந்தவை. குரங்கணியில் ஒரு லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. தாய்ப்பூனை எந்த வளைவில் இறங்கிப் போனதோ, திரும்பவில்லை. மனைவி மருந்துச் சொட்டுக் குழாயில் பால் கொடுத்து இரண்டையும் வளர்த்தாள். பெயர் வைக்கவில்லை. நிறமே பெயராகிவிட்டது. பரப்பிய காயின் மேல் கால் வைக்கக்கூடாது என்பதை மட்டும் பலகையைத் தட்டித் தட்டிப் பழக்கினாள். ஒன்றரை வயதுவரை அவை அந்த ஒரு விதியை மீறியதில்லை.

மேலே மலையிலும் இதே கதைதான். காய் எடுப்பு, அதாவது ஒரு சுற்றுப் பறிப்பு, தொடங்கியதும் ஸ்டோரில் எலி கூடிவிடும். அப்போது கீழே இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பூனையை ஒரு எடுப்புக்கு மட்டும் இரவல் வாங்கிப்போவது இங்கே உண்டு. எடுப்பு முடிந்ததும் ஜீப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஆவணியில் மைத்துனன் எங்களிடம் கேட்டான்.

“ரெண்டு வச்சுக்கிட்டு என்னக்கா செய்யப் போற? ஒத்தையக் குடு. ஒரு எடுப்பு. பத்தரமா கொண்டாந்து விட்டுர்றேன்.”

செவலை நல்ல வேட்டைக்காரன் என்பதால் அது போனது. நாற்பது நாள் கழித்து, சொன்ன வாக்கு மாறாமல், அன்றைக்குக் கொண்டுவந்து விட்டான். ஆள் கொஞ்சம் பருத்திருந்தது. உடம்பில் விறகுப் புகையும் பச்சைக்காய் ஈரமும் டீசலும் கலந்து அடித்தது.

“மேல எல்லாரும் மலையாளத்துல பூச்ச, பூச்சன்னே கூப்பிட்டாங்க மச்சான். இப்பப் பூனைன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது” என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். அது சண்டைக்கு ஐந்து நிமிடம் முன்னால்.

‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று என் தொழிலில் நான் எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில் ‘முன்விரோதம் காரணமாக’ என்று வந்துவிடும். வராவிட்டால் டெஸ்க்கிலிருந்து கேட்பார்கள். இந்த வழக்கில் முன்விரோதம் எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பினேன். நாற்பது நாள் பிரிவு, உடம்பில் வேற்று வாடை, அவ்வளவுதான். எதிர்வீட்டு மதினிக்கும் அதுவே தோன்றியது.

“அது மேல மலை வாடை அடிக்குது மதினி. அதான் கூடப் பொறந்தது யாருன்னு இதுக்குத் தெரியல” என்றார் என் மனைவியிடம்.

“அப்ப ரெண்டு மேலயும் ஒரே வாடை இருந்தா?”

“தெரியும்ல.”

இதற்குப் பிறகு அவர்கள் செய்த தவறை, காயோடு வாழ்கிறவர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வேறு ஊராக இருந்தால் பூனையைக் குளிப்பாட்டியிருப்பார்கள். இவர்கள் மூட்டையின் அடியில் தங்கும் காய்த் தூசியை ஒரு கிண்ணத்தில் எடுத்து, இரண்டு பூனைகளின் முதுகிலும் கழுத்திலும் நன்றாகத் தேய்த்தார்கள். நான் தடுக்கவில்லை. சொல்லப்போனால் சாம்பலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். அந்த யோசனை எனக்கும் சரியாகவே பட்டது.

சாம்பல் பதினொரு முறை தும்மியது. பிறகு தன் உடம்பையே திரும்பித் திரும்பி முகர்ந்து, தோலை உரித்துவிடுவதுபோல நக்கியது. அந்தத் தூசியும் ஸ்டோர்ப் புகையில் உலர்ந்ததுதான்; மலையிலிருந்து வந்த எதிரியின் வாடையை அதன் முதுகிலேயே பூசிவிட்டோம் என்பது எங்களுக்குப் புரியவில்லை. இரண்டையும் தனித்தனியாக அடைத்துவைத்து, அரைமணி நேரம் கழித்து அறைக் கதவைத் திறந்தோம். இந்த முறை முகரவே இல்லை. சாம்பல் நேராகப் பாய்ந்தது. மனைவி நடுவில் கையை நீட்டினாள். வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நான்கு பல் இறங்கியது. எது கடித்தது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மறுநாள் கை வீங்கிவிட்டது. காய் பொறுக்குவது அந்த இரண்டு விரல்தான். ஒரு வாரம் அவள் இடது கையால் பொறுக்கினாள். ஒரு பலகை காய்க்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது. செவலையை அடுப்படியிலும் சாம்பலை என் மேசை இருக்கும் உள் அறையிலும் அடைத்திருந்தோம். அவள் பூனைகளைத் திட்டவில்லை. அடுப்படிக்குள் போகும்போதெல்லாம், “என்னடா செவல, ஒனக்கு என்னதான் ஆச்சு?” என்று அவள் கேட்பது மட்டும் கேட்கும். என் அறைக்கு வந்து சாம்பலிடமும் அதையே கேட்பாள்.

அந்த வாரக் கடைசியில் குடோனிலிருந்து பெரியவர் வந்தார். காயை முகர்ந்து தரம் சொல்பவர். ஒரு கைப்பிடி எடுத்து, கையை மூடி, உள்ளே வாயால் இரண்டு முறை ஊதிச் சூடேற்றி, பிறகு மூக்கருகே கொண்டுபோய்த் திறப்பார். பொறுக்கி முடித்திருந்த மூட்டையில் அப்படிச் செய்துவிட்டு, கையிலிருந்த காயைத் திரும்ப மூட்டையிலேயே போட்டார்.

“ஆத்தா, இதுல பூன இருக்கு.”

“வீட்ல பூன இருக்குண்ணே.”

“வீட்ல இருந்தா எனக்கென்ன. காய்ல இருக்கு.”

மனைவி ஒரு கைப்பிடி எடுத்து அவரைப்போலவே ஊதி முகர்ந்தாள். நானும் முகர்ந்தேன். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. காய் வாடைகூடத் தெரியவில்லை. வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவுக்குள் வந்தாலே மூச்சை இழுத்து ரசிப்பார்கள். எங்களுக்கு அது வெறும் காற்று.

பெரியவர் கோபப்படவில்லை. அந்த மூட்டையைத் தனியாகக் கட்டச் சொன்னார். “அடுத்த எடுப்பு எறங்க எப்படியும் நாப்பத்தஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள ஒரு முடிவு பண்ணிக்க. நானே வந்து மோந்து பாப்பேன். சுத்தமா இருந்தா மூட்டை எறக்குவேன். இல்லன்னா ஒனக்குக் குடோன்லதான் எடம். காய் வாடையக் குடிக்கிற சாமான். ஒண்ணு இங்க காய் இருக்கணும், இல்ல அதுக ரெண்டும் இருக்கணும்.”

குடோன் தரையில் உட்கார்ந்தால் மனைவியின் முழங்கால் ஒரு வாரம் தாங்காது. அது அவருக்கும் தெரியும். அவர் போன பிறகு மதினி மட்டும், “இவரு மூக்குல இடி விழ” என்றார் தாழ்ந்த குரலில்.

மறுநாள் மைத்துனன் தீர்வோடு வந்தான்.

“செவலைய மேலயே விட்டுர்றேன்க்கா. அங்க பழகிருச்சு. ஸ்டோர்ல படுக்க எடம் இருக்கு, எலி இருக்கு. வேறென்ன வேணும்?”

“முன்னாடி அங்க ஒரு பூன இருந்துச்சுல்ல. அது எங்க?”

அவன் ஜீப் சாவியைப் பார்த்தான். “அது போயிருச்சு.”

“எங்க போச்சு?”

“மலைல எங்கன்னு சொல்ல? செந்நாய் இருக்கு, பாம்பு இருக்கு. ஒரு நா பாத்தோம், மறுநா இல்ல.”

“அப்ப அங்கதான் என் புள்ளைய அனுப்பச் சொல்ற.”

“அப்பச் சாம்பல அனுப்பு. நான் எதுன்னாலும் ஏத்திக்கிட்டுப் போறேன்.”

“ஒன்னைய அனுப்புறேன். நீ போயி எலி புடி.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எதை அனுப்புவது என்பதை அவளால் யோசிக்கவே முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அடுப்படிக் கதவுக்கும் என் அறைக் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பிடித்திருந்தாள். ஒன்றை அனுப்பினால் காய் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டால் காய் வராது. நாற்பத்தைந்து நாளில் ஒரு நாள் போயிருந்தது.

கால்நடை மருத்துவமனைக்குப் போவோம் என்றது நான். அங்கே மாடுகளும் ஆடுகளும் வரிசையில் நிற்க, நாங்கள் இரண்டு பெட்டிகளை ஆளுக்கொன்றாக மடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். டாக்டர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். நடந்ததை நான் வரிசைப்படி சொன்னேன். காய்த் தூசி வந்த இடத்தில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ஏலக்காய்த் தூசியா? பாயசமா வைக்கப் போனீங்க?”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் பெட்டியில் விரித்திருந்த துண்டை எடுத்து லேசாக முகர்ந்தார். “சுவத்துல, கதவு மூலையில வாலைத் தூக்கி நின்னுக்கிட்டே பீச்சுறது எவ்வளவு நாளா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா” என்றேன்.

“சார், இந்தத் துண்டே சொல்லுது. ரெண்டுமே வளந்த கடுவன். ஒரு வயசு தாண்டிருச்சு. ஆறு மாசமாவது எல்லை போட்டுக்கிட்டு இருந்திருக்கும். மலைக்குப் போகலைன்னாலும் இந்தச் சண்டை வந்திருக்கும். இப்ப வந்தது ஒரு சாக்கு.”

ஆக முன்விரோதம் இருந்திருக்கிறது. என் மேசைக்கு ஆறடி தூரத்தில், ஆறு மாதமாக. நான் எடுத்த செய்தியில் அது இல்லை.

டாக்டர் சொன்ன வழி இது. இரண்டுக்கும் கருத்தடை ஆபரேசன், ஒரே நாளில். உடம்பில் ஏறியிருக்கும் சூடு அடங்க ஆறு வாரம் ஆகலாம். அதுவரை ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கக்கூடாது. மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வைக்க வேண்டும். இதன் துணியை அதற்கும் அதன் துணியை இதற்கும் மாற்றிப் போட வேண்டும். பிறகு கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“செஞ்சா நிச்சயமா சேந்துருமாம்மா?” என்று மனைவி கேட்டாள்.

“நிச்சயம்னு சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அடங்கும். பழைய மாதிரி கட்டிப் புடிச்சுத் தூங்குமான்னு கேட்டா, அதுக்கு நான் பொறுப்பில்ல.”

ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். மனைவி விரல் விட்டு எண்ணிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே செய்துவிடலாமா என்று கேட்டாள். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொன்னார்கள்.

ஆபரேசன் முடிந்து இரண்டையும் மைத்துனன் ஜீப்பில்தான் கொண்டுவந்தோம். மயக்கம் முழுதாகத் தெளியாமல் நாக்கு ஓரத்தில் தெரிய, தனித்தனிப் பெட்டிகளில் கிடந்தன. அவன் வழியெல்லாம் கண்ணாடியில் அவற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

“பாவம் மச்சான். கேக்காம கொள்ளாம இப்படிப் பண்ணிப்புட்டீங்களே.”

“ரோட்டப் பாத்து ஓட்டு மாப்ளே.”

“இனி எலி புடிக்குமா?”

“எலி புடிக்கிறது பல்லுலயும் நகத்துலயும்டா” என்றாள் அவன் அக்கா.

வீட்டுச் சுவரை என்ன செய்வது என்பது தனிப் பிரச்சினை. பினாயில் ஊற்றினால் அந்த வாடையும் காயில் ஏறும். வினிகர் கலந்த தண்ணீர் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எங்கே துடைப்பது? எங்கள் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. நான் குடோன் பெரியவரிடம் போய்க் கேட்டேன். நாள் முழுக்கக் காயோடு இருந்தும் அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

“மூக்கக் கழுவணும் தம்பி” என்றார். “ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நான் வெளிய போயிருவேன். காய் இல்லாத எடத்துல நிப்பேன். திரும்பி வந்து வாசல்ல வைக்கிற மொத மூச்சுதான் கணக்கு. நாலாவது மூச்சுல மூக்கு பழகிரும். அப்பறம் பொய் சொல்லும்.”

அப்படியே செய்தேன். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பொட்டிபுரம் பக்கம் வண்டியில் போய், வயல்காட்டு ஓரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றி முதல் மூச்சை இழுத்தேன். முதலில் காய் வாடை. எங்கள் வீடு இப்படி மணக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே அன்றுதான். அதற்குக் கீழே, கொஞ்சம் தாமதமாக, கண் எரியும் அளவுக்கு அது வந்தது. சங்கடம் என்னவென்றால் மூன்று மூச்சுக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஓடிப்போய் இரண்டு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். மறுநாளும் வயல்காடு, மறுநாளும் இரண்டு வட்டம். நான்கு நாளில் எட்டு இடம். மூட்டை அடுக்கும் மூலையில் மூன்று, கதவுக் கால்களில் இரண்டு, கட்டில் காலில் ஒன்று, என் புத்தக அலமாரியில் இரண்டு. மனைவி ஒவ்வொரு வட்டத்தையும் மூன்று முறை கழுவினாள். நான் வயல்காட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த யாரோ, பேப்பர்காரர் நிலம் வாங்கப் போகிறார் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஆறு வாரமும் எங்கள் குடித்தனம் கதவு வழியாகவே நடந்தது. அடுப்படியில் அவளும் செவலையும். உள் அறையில் நானும் சாம்பலும். நடுவில் காலியான கூடம். காபி தயார் என்றால் கதவைத் தட்டுவாள். நான் சாம்பல் வெளியே வராதபடி காலால் மறித்துக்கொண்டு கையை மட்டும் நீட்டுவேன். இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டதுபோல இருந்தது வீடு. சாம்பல் என் தட்டச்சுப் பலகையின் சூட்டில் வயிற்றை வைத்துப் படுக்கக் கற்றுக்கொண்டது. அந்த மாதம் நான் அனுப்பிய செய்திகள் சிலவற்றின் நடுவில் ஒரே எழுத்து முப்பது முறை வந்திருந்ததாக டெஸ்க்கில் சொன்னார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் செவலையைக் கூடத்துக்கு விட்டு, உள் அறைக் கதவின் இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்தோம். முதல் நாள் கதவிலிருந்து ஐந்து அடி. சாம்பல் கிண்ணத்தைத் தொடாமல் கதவைப் பார்த்து உறுமியது. மறுநாள் சாப்பிட்டது, கண்ணை எடுக்காமல். ஒவ்வொரு இரண்டு நாளுக்கும் ஒரு சாண் நெருக்கினோம். மூன்றாவது வாரம் ஒரு மாற்றத்தைக் குறித்துவைத்தேன்: சாம்பல் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டது. வெளியே மனைவியிடம் சொன்னேன்.

“இங்கயும் அப்படித்தான்” என்றாள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. “வெரசாத் தின்னுட்டு, கதவுக்குக் கீழ கைய விட்டுத் தொழாவுது.”

நான் குனிந்து பார்த்தேன். கதவின் அடி இடுக்கில் ஒரு செவலைப் பாதம் இரண்டு அங்குலம் நீண்டிருந்தது. நகம் வெளியே வரவில்லை. சாம்பல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு போய் சன்னலில் ஏறிக்கொண்டது.

நான்காவது வாரம் ஒரு பின்னடைவு. சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் ஆள் வந்தபோது உள் அறைக் கதவு திறந்துகொண்டது. செவலை உள்ளே புகுந்தது. சாம்பல் துரத்தியது. கூடத்தைச் சுற்றி இரண்டு வட்டம். மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, எதை அனுப்புவது என்ற கேள்வி அவளுக்குள் திரும்பவும் எழுந்துவிட்டது தெரிந்தது. ஆனால் இந்த முறை உருண்டை ஆகவில்லை. செவலை கட்டிலுக்கு அடியில் போனது. சாம்பல் அதன் முன்னால் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, ஒருமுறை சீறியது. பிறகு சீறியதை மறந்ததுபோலத் தன் காலை நக்கத் தொடங்கியது. நான் இடையில் ஒரு தலையணையை வைத்து, ஒன்றைத் தூக்கிப்போனேன்.

கதவை ஒரு சாண் திறந்தது ஆறாவது வாரத் தொடக்கத்தில். இரண்டு சாண் மூன்று நாள் கழித்து. முழுதாகத் திறந்த அன்று மனைவி இரண்டு கிண்ணத்திலும் மத்தி மீன் வைத்தாள். மீன் தீரும்வரை இரண்டும் நிமிரவில்லை. தீர்ந்த பிறகு நிமிர்ந்து ஒன்றை ஒன்று பார்த்தன. செவலை கழுத்தை நீட்டியது. சாம்பல் முகர்ந்தது. நான் தலையணையோடு தயாராக இருந்தேன். சாம்பல் மூக்கைச் சுருக்கி, திரும்பி நடந்து, சன்னல் மேடையில் படுத்துக்கொண்டது. மனைவி காலிக் கிண்ணங்களைக் கழுவ எடுத்துப்போனாள்.

நாற்பத்தாறாவது நாள் குடோன் வண்டி எங்கள் வாசலில் நின்றது. பெரியவர் தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்து, மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். வாசலில் ஒரு மூச்சு. கூடத்தில் ஒரு மூச்சு. மூட்டை அடுக்கும் மூலையில் குனிந்து மூன்றாவது. மனைவி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இங்கன லேசாப் பழசு கெடக்கு” என்றார். “புதுசு இல்ல. இந்த மூலை வேணாம். அந்தப் பக்கம் பலக போட்டு அடுக்கிக்க.” பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். “எத அனுப்புன?”

“எதையும் அனுப்பலண்ணே.”

“ரெண்டும் இங்கயா இருக்கு?”

மனைவி சன்னல் மேடையைக் காட்டினாள். பிறகு கட்டிலைக் காட்டினாள். இரண்டும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பெரியவர் சாம்பல் அருகே போய்க் குனிந்தார். காயை முகர்வதுபோல அதை முகரப் போகிறாரோ என்று நினைத்தேன். காதுக்குப் பின்னால் ஒரு விரலால் சொறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

“எறக்குப்பா” என்றார் வண்டிக்காரரிடம்.

கடைசி மூட்டை பலகையில் உட்கார்ந்த பிறகு மனைவி அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு மதினி ஏற்கெனவே முறத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

மாலையில் மைத்துனன் போன் செய்தான். மேலே ஸ்டோரில் எலி மறுபடியும் கூடிவிட்டதாம். மேனேஜர் பூனை கேட்கிறாராம்.

“எங்க வீட்டுது இனி மல ஏறாது. நீ வேற வீடு பாரு” என்றாள்.

“அப்ப மேனேஜருக்கு என்னக்கா சொல்ல?”

“ரெண்டுக்கும் இங்க சோலி இருக்குன்னு சொல்லு.”

அவள் அதைச் சொன்னபோது இரண்டும் கூடத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்றன் கழுத்தில் ஒன்று தலை வைத்து அல்ல. அந்தப் படுக்கை திரும்ப வரவில்லை, இன்றுவரையிலும் வரவில்லை. இடையில் நான்கு டைல்ஸ் இருந்தது. தூக்கத்தில் செவலையின் வால் அசைந்து மூன்றாவது டைல்ஸின் கோட்டைத் தொட்டது. சாம்பல் ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடிக்கொண்டது.